செத்த வண்டிகளை எழுப்பியவன்

தனசேகரனிடம் போய் யாராவது ‘டோட்டல் லாஸ்’ என்று சொல்லிவிட்டால் போதும், அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அது பறந்து வரும். ஒருமுறை சுத்தியல் பறந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒருவனின் காதை உரசிக்கொண்டு போய், பின்னாலிருந்த தகரச் சுவரில் ஓட்டை போட்டது. அந்த சர்வேயர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கம்பெனி வேறு ஆளை அனுப்பியது. புது ஆள் தினகரன் விவரமானவன். முதல் ஆறு மாதம் பட்டறை வாசலில் நின்றே எழுதிக்கொண்டு போனான்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஐயம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கொட்டகை போட்ட பட்டறை. அடிபட்ட கார்களின் உடம்பை நேராக்குவது தனசேகரனின் தொழில். டிங்கர் என்பார்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்டால், “அது மெக்கானிக் வேலபா, நமக்குத் தோல் வேலதான்” என்பான். வயது ஐம்பத்திரண்டு. குட்டையான ஆள். சுத்தியல் பிடித்துப் பிடித்து வலது தோள் மட்டும் இடதைவிட ஒரு பிடி பெருத்திருக்கும். சட்டை தைக்கிறவன் அளவு எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இன்னொரு தரம் எடுப்பான்.

அடி என்பது அவனுக்கு அப்பா கையிலிருந்து வந்தது. தாமல் ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பில் கூலிக்காரக் குடும்பம். அப்பா கந்தன், பகலெல்லாம் நிலக்காரர்களிடம் வாங்கிய ஏச்சையும் பேச்சையும் சேர்த்து வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி முதுகிலும் பிள்ளை முதுகிலும் இறக்கி வைப்பார். பதிமூன்று வயதில் ஒருநாள் தனசேகரன் அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்து முறுக்கினான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ஓடினவன் ராணிப்பேட்டையில் போய்த்தான் நின்றான். அங்கே ஒரு உஸ்தாத்தின் பட்டறையில் சேர்ந்தான். அவரும் அடிப்பவர்தான். ஸ்பானரைத் திருப்பிப் பிடித்துக் கணுக்காலில் போடுவார். ஆனால் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். நசுங்கின தகட்டை எங்கே தட்டினால் எங்கே எழும், கிழிந்த இரும்பைத் தீயில் பழுக்கக் காய்ச்சிப் பித்தளைக் கம்பியை உருக்கி எப்படி ஒட்டுவது, மேலே பட்டி பூசித் தேய்த்து ஒட்டு இருந்த இடமே தெரியாமல் எப்படிச் செய்வது, எல்லாம். “தீயும் பித்தளையும் இருந்தா எதையும் ஒட்டிடலாம்டா” என்பார் உஸ்தாத். தனசேகரன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் பெண்டாட்டி பொன்னியம்மாளையும் அடித்துப் பார்த்தான். மூன்றாவது தடவை அவள் கொதிக்கிற கஞ்சியை அவன் காலில் ஊற்றினாள். பதினைந்து நாள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு கிடந்தான். அதோடு வீட்டில் அடிதடி நின்றது. பொன்னியம்மாள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலைக்குப் போகிறாள். இப்போதும் அவன் குரலை உயர்த்தினால் அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், அடங்கிவிடுவான்.

வெளியே அடங்கவில்லை. முக்கியமாக அந்த இரண்டு வார்த்தைக்கு.

விஷயம் இதுதான். காருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே, இந்த வண்டிக்கு இன்றைக்கு இவ்வளவு மதிப்பு என்று கம்பெனி பாலிசியில் அச்சடித்துவிடும். வருஷத்துக்கு வருஷம் அது இறங்கும். வண்டி அடிபட்டால் சர்வேயர் வருவான். எதை மாற்ற வேண்டும், எதை அடித்து நேராக்கலாம், கூலி என்ன, பெயின்ட் என்ன என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவான். கூட்டி வந்த செலவு, மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால் வண்டி செத்தது. அதுதான் டோட்டல் லாஸ். சொந்தக்காரனுக்கு மதிப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிணத்தை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். முக்காலுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றாலும் வண்டி உயிரோடு இருக்கிறது. பட்டறையில் விட்டுச் சரிபண்ணித்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது.

“வண்டிய ஒருவாட்டி தொட்டுக்கூடப் பாக்கல. கால்குலேட்டர்ல தட்டிட்டு செத்துப்போச்சுன்றான். சாவு சொல்றதுக்கு இவன் யாருபா?” என்று தனசேகரன் கத்துவான். கத்தினதோடு விடவில்லை. கம்பெனிகள் செத்தது என்று தள்ளிய வண்டிகளை எழுப்ப ஆரம்பித்தான்.

அதற்கு ஏற்ற கூட்டாளி அப்பாதுரை. ஏலத்தில் செத்த வண்டிகளைச் சல்லிசாக எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறையில் இறக்குவான். தனசேகரன் இரண்டு மூன்று வாரம் பேய் மாதிரி வேலை செய்வான். நசுங்கின மூக்கை ஜாக்கி போட்டு இழுப்பான், கிழிந்த தூண்களைத் தீயில் காய்ச்சி ஒட்டுவான், உதைத்துக் கதவைப் பொருத்துவான். வண்டி புதுசாகப் பளபளவென்று நிற்கும். காகிதங்களையெல்லாம் எப்படியோ சரிக்கட்டி அப்பாதுரை அதை விற்றுவிடுவான். வாங்குகிறவனுக்கு அது ஏற்கெனவே ஒருமுறை செத்த வண்டி என்பது தெரியாது. தனசேகரன் அதைப்பற்றி யோசித்ததேயில்லை. கூலியைவிட அவனுக்குப் பெரிதாக இருந்தது சர்வேயரின் முகத்தில் கரி பூசிய சந்தோஷம்தான். எழுப்பின வண்டி ஒவ்வொன்றையும் நம்பர் பிளேட்டோடு போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தான், கல்யாண ஆல்பம் மாதிரி. மொத்தம் முப்பத்தேழு.

போன ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை. சின்ன காஞ்சிபுரத்து ராம்ப்ரஸாத், வாலாஜாபாத்தில் வங்கி வேலை, காரில் போய்க்கொண்டிருந்தான். எதிரே எம்-சாண்ட் ஏற்றி வந்த டிப்பர் லாரி வழுக்கி வந்து வலப்பக்கத்தில் மோதி, காரைப் புளியமரத்தோடு சேர்த்து நசுக்கியது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்குகிற தூண் ஒன்று இருக்கும். அது இரண்டாகப் பிளந்தது. தூண் போனதும் கூரை ராம்ப்ரஸாத்தின் தலைமேல் இறங்கியது. தீயணைப்பு ஆட்கள் கூரையை வெட்டி அவனை எடுக்க முக்கால் மணி நேரமானது. எடுத்தபோது உயிரில்லை. முகத்தை வெள்ளைத் துணியில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

போலீசும் பிரேக் இன்ஸ்பெக்டரும் பார்த்து முடித்த பிறகு வண்டி தனசேகரனின் பட்டறைக்கு வந்தது. வெள்ளை வண்டி. சீட்டில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. ஒற்றைச் செருப்பு பிரேக் மிதியின் அடியில் மாட்டியிருந்தது. லாரி கிழித்ததும் தீயணைப்பு ஆட்கள் வெட்டியதும் ஒன்றோடொன்று கலந்து, எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தகடுகள் வாய் பிளந்து நின்றன. தனசேகரன் ரப்பர் குழாயை எடுத்துக் கழுவிவிட்டான். சிவந்த தண்ணீர் வாசல் சாக்கடைக்குப் போனது. இதெல்லாம் அவனுக்குப் புதிதில்லை. இருபது வருஷமாக ரத்தம் கழுவுகிறவன்தான்.

விபத்து நடந்த பதினாறாம் நாள் தினகரன் வந்தான். ராம்ப்ரஸாத்தின் மனைவி குமுதவல்லியும் காகிதங்களோடு வந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

தினகரன் டேப்லெட்டில் தட்டித் தட்டிக் கூட்டினான். பிறகு தயக்கத்தோடு கேட்டான். “தூணோட சேத்து அந்தப் பக்கம் முழுசா மாத்தணும்னா முக்கால தாண்டிடும். அடிச்சே எடுத்துடலாம்னா தாண்டாது. நீங்க இன்னா சொல்றீங்க தனசேகர் அண்ணே?”

இத்தனை வருஷத்தில் ஒரு சர்வேயர் அவனிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. தனசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை. 

“இத மாத்தணுமா? இன்னா பேச்சுபா பேசற? இருவது நாள் குடு. அடிச்சு எடுத்துக்கினு வந்து உன் கண்ணு முன்னாடி நிறுத்தறேன்.”

குமுதவல்லி அப்போதுதான் திரும்பினாள். “சரி பண்ணப்படாது” என்றாள். “அந்த வண்டி எங்காத்து வாசல்ல திரும்பி வந்து நிக்கப்படாது. அவர் தலை நசுங்கின வண்டியை நான் தினம் பாக்கணுமா? என் பொண்ணு அதுல ஏறணுமா? நீங்களே எடுத்துண்டு போங்கோ. டோட்டல் லாஸ்னு எழுதிடுங்கோ.”

“மேடம், செலவு முக்காலுக்குக் கீழ நிக்குது. உங்க வருத்தத்த இதுல எழுத எனக்கு எடம் இல்ல” என்றான் தினகரன். கெட்டவனில்லை. உள்ளதைச் சொன்னான்.

தனசேகரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கைவேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவனுக்குக் காது அடைத்துவிடும். “பயப்படாதீங்க டீச்சர். புதுசு மாதிரி பண்ணித் தரேன். எங்க அடிபட்டுதுன்னு நீங்களே தேடணும், பாருங்க!” என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உடைந்த கதவை வெறுங்கையால் அடிக்க ஆரம்பித்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். ஜன்னலில் மிச்சமிருந்த கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் மணிக்கட்டில் இறங்கிச் சேலையில் சொட்டியது. அப்போதும் நிறுத்தவில்லை. “இன்னும் எவ்வளவு உடையணும்? சொல்லுங்கோ, இன்னும் எவ்வளவு உடைஞ்சா முக்கால் ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே அடித்தாள். தினகரன்தான் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

“பிரிச்சுப் பாக்கட்டும் மேடம்” என்றான். “வெளில தெரியாத சேதம் உள்ள ஏதாச்சும் இருந்தா சேத்து எழுதறேன். மூணு நாள். அதுலயும் ஒண்ணும் இல்லன்னா ரிப்பேர்தான். எனக்கு வேற வழி இல்ல.”

அந்த மூன்று நாளில் அந்த அம்மாவின் தலையெழுத்து தனசேகரனின் கையில் இருந்தது. அவனோ உள்ளே ஒன்றும் இருக்காது, இருக்கவும் கூடாது என்றே நினைத்தான்.

மறுநாள் காலையில் கடப்பாரையும் வெட்டுளியுமாக இறங்கினான். கதவுகளைக் கழற்றி எறிந்தான். சீட்டைப் பிடுங்கினான். தூணை மூடியிருந்த உள்பக்க அட்டை வரமாட்டேன் என்றது. காலால் உதைத்துக் கிழித்தான். உள்ளே பிளந்து கிடந்த தூணைக் கையால் துடைத்தான்.

மஞ்சளாக ஒரு கோடு மின்னியது. பித்தளை.

கம்பெனியில் செய்த வண்டியில் பித்தளைக்கு வேலையே இல்லை. யாரோ இந்தத் தூணை ஏற்கெனவே ஒருமுறை ஒட்டியிருக்கிறான். தூண் பிளந்தது அந்த ஒட்டின் விளிம்பிலேயேதான், பிளேடால் கீறின மாதிரி நேராக. தனசேகரன் விரலை உள்ளே விட்டான். முட்டுக்காக வைத்த ஒரு தகடு தட்டுப்பட்டது. இழுத்தான், வந்துவிட்டது. நீல நிறம். ஆயில் டிரம்மை வெட்டி எடுத்த தகடு. அதை வெட்டியது யார் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முட்டுக்கு நீல டிரம் தகடு வைக்கிறவன் காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே ஒருத்தன்தான். மூலைகளை ரவுண்டாகத் தேய்த்து வைக்கிறவனும் அவன்தான்.

போனை எடுத்து ஆல்பத்தைப் புரட்டினான். பதினான்காவது போட்டோ. ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்டறை வாசலில் மாலை போட்டு நின்ற வெள்ளை வண்டி. அதே நம்பர். நசுங்கி உருக்குலைந்து வந்ததில் அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அதை டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டுப் போன சர்வேயரை நினைத்து, இருக்கிறவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

தனசேகரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ராம்ப்ரஸாத்தை லாரி கொன்றது என்றுதான் ஊரே சொல்கிறது. தூண் தாங்கியிருந்தால் கால் உடைந்திருக்கும், விலா உடைந்திருக்கும், ஆள் இருந்திருப்பான்.

அப்பாதுரையைக் கூப்பிட்டான். மத்தியானத்துக்குள் வந்துவிட்டான் அப்பாதுரை. தகட்டைப் பார்த்தான், பிளவைப் பார்த்தான், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இத யார்கிட்டயும் சொல்லலியே?”

“இல்ல.”

“சொல்லாத. போனவன் போயிட்டான். நீ சொன்னா எழுந்து வரப் போறானா? இப்ப இன்னா, அந்தம்மாவுக்கு வண்டி வாணாம், அதானே? தூண அடிக்க முடியாது, மாத்தணும்னு சொல்லிடு. டோட்டல் லாஸ் எழுதுவான். அந்தம்மாவுக்கும் நிம்மதி. வண்டி ஏலத்துக்கு வரும், நானே எடுத்துக்கறேன். இன்னொருவாட்டி போடு தனசேகரு. உன் கைக்கு இது இன்னா பெரிய வேலையா?”

தனசேகரன் எழுந்ததை அப்பாதுரை கவனிக்கவில்லை. குத்து வாயில் விழுந்தது. இரண்டு பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் சாய்ந்தவன் கையில் ஜாக்கி ராடு கிடைத்தது. வீசினான். தனசேகரனின் காதுக்கு மேலே சதை பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள், கண்ணாடிச் சில்லிலும் கிரீஸிலும். அப்பாதுரை அவன் விரலைக் கடித்தான். தனசேகரன் முழங்காலால் நெஞ்சில் ஏறி, தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, அந்த முகத்தைப் பிளந்த தூணில் கொண்டுபோய் அழுத்தினான்.

“பாருடா! நல்லாப் பாரு! இதுலதான்டா அந்தாளு தல போச்சு!”

“என் பேரு எங்கடா இருக்குது இதுல?” அப்பாதுரை ரத்தத்தைத் துப்பினான். “பில்லுல இருக்குதா? ஆர்.சி.ல இருக்குதா? இது உன் கை போட்ட ஒட்டு. கொன்னது நீ.”

தனசேகரனின் பிடி தானாகத் தளர்ந்தது. அப்பாதுரை வாயைப் பொத்திக்கொண்டு தள்ளாடிப் போனான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, அடித்த பிறகும் தனசேகரனுக்குக் கோபம் ஆறவில்லை.

மூன்றாம் நாள் தினகரனும் குமுதவல்லியும் வந்தார்கள். அவள் உள்ளங்கையில் கட்டு. தனசேகரன் தலையில் கட்டு. தினகரன் இரண்டு கட்டையும் பார்த்துவிட்டுக் குனிந்து தூணைப் படம் எடுத்தான். எடுக்கும்போதே அவன் முகம் மாறியது.

“இது பழைய ஒட்டு. கேஸ் வச்சு ஒட்டியிருக்கான். இப்ப வர்ற வண்டில தூணோட இரும்பே வேறண்ணே. கம்பெனில பதம் ஏத்தி அனுப்பறான். தீய காட்டினா பதம் செத்துடும். பாக்க இரும்பா இருக்கும், அடி வாங்கினா அப்பளம்.” நிமிர்ந்து குமுதவல்லியைப் பார்த்தான். “மேடம், இத அடிச்சு எடுக்கச் சொல்லி நான் எழுத முடியாது. அந்தப் பக்கம் முழுசா மாத்தணும். முக்கால தாண்டிடுச்சு. டோட்டல் லாஸ். வண்டி உங்க வீட்டுக்கு வராது.”

அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். பதினெட்டு நாளாக அடைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். தினகரன்தான் தொழில் ஆத்திரத்தில் கேட்டுவிட்டான். “எந்தப் படுபாவி பண்ண வேல இது?”

காஞ்சிபுரத்தில் இருபது டிங்கர்கள் இருக்கிறார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனசேகரனின் வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது.

“நான்தான்” என்றான். “ஏழு வருசம் முன்னாடி. இத செத்த வண்டின்னுதான் கம்பெனில எழுதினாங்க. நான்தான் எழுப்பினேன். டீச்சர், உங்க வீட்டுக்காரர…”

குமுதவல்லி பானட்டின்மேல் கிடந்த சுத்தியலை எடுத்தாள். கட்டுப் போட்ட கையாலேயே எடுத்தாள். தினகரன் “மேடம்” என்பதற்குள் வீசிவிட்டாள். வலது தோளில், காறை எலும்பின்மேல் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் தினகரனுக்கே கேட்டது. தனசேகரன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். அடுத்த அடிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான். உள்ளபடி சொன்னால், அந்த அடிக்காக ஏங்கினான். அடிக்கு அடி சரியாகிவிடும் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த நியாயம்.

சுத்தியல் மேலே போனது. அங்கேயே நின்றது.

“இந்த மாதிரி எத்தனை?” என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை.

“செத்த வண்டியை எழுப்பினேன்னு சொன்னேளே. எத்தனை வண்டி?”

“முப்பத்தேழு.”

“மிச்சம் முப்பத்தாறு.” வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டாள். “அதெல்லாம் எங்க?”

“ஓடிக்கினு இருக்குது, டீச்சர்.”

அவள் சுத்தியலைக் கீழே போட்டாள். கைக்கட்டில் புது ரத்தம் ஊறியிருந்தது. “முப்பத்தாறு வண்டி ஓடிண்டிருக்கு. முப்பத்தாறு ஆத்து மனுஷா அதுல போயிண்டு வந்துண்டிருக்கா. நீங்க இங்க உக்காந்து என்கிட்ட அடி வாங்கிண்டிருக்கேள். அடி வாங்கினா தீந்துடும்னு நினைச்சேளா?”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தினகரன் அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். ஏறும்போது தனசேகரன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். “இந்த வண்டிய இனிமே யாரும் எழுப்பாத மாதிரி எழுதுபா. துண்டு துண்டா வெட்டச் சொல்லி எழுது.” தினகரன் எழுதுகிறேன் என்றான்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, ஜாக்கி நழுவி வண்டி சாய்ந்துவிட்டது என்றான். கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக் கட்டிவிட்டார்கள். மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வா என்றார்கள். பொன்னியம்மாள் ஆல்பத்தைப் பார்த்து முப்பத்தாறு நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கடைசி நம்பரை எழுதி முடித்ததும், “போ. போய்த் தேடு” என்றாள்.

முதலில் கிடைத்தது சில்வர் கலர் வண்டி. கார்த்திகை முகூர்த்த நாளுக்கு முந்தின காலை, காந்தி ரோடு முழுக்கப் புடவை எடுக்க வந்த கூட்டம். பட்டுக்கடை வாசலில் அந்த வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. நம்பரைப் பார்ப்பதற்கு முன்பே பின்கதவு விளிம்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தன் கைவேலைதான். ஓட்டுவது லோகேஸ்வரன் என்ற இளவட்டம். பின்சீட்டில் அவன் மனைவி சிம்ரன், மடியில் ஒரு வயதுப் பையன் அபி.

தனசேகரன் வண்டிக்கு முன்னால் போய் நின்றான். வலது கை தொட்டிலில், இடது கையில் சுத்தியல்.

“எறங்குங்க. இந்த வண்டில போவாதீங்க. இது செத்த வண்டி.”

அவன் சொன்னது அவ்வளவுதான். இன்னும் நல்லவிதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்லவிதமாகச் சொல்ல அவன் எங்கே கற்றான்? லோகேஸ்வரன் ஹார்ன் அடித்தான், திட்டினான், கடைசியில் இறங்கி வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

“இன்னாய்யா, காலங்காத்தால குடிச்சிட்டு வந்து பிரச்சன பண்ற? காசு வேணுமா உனக்கு?”

“குடிக்கலபா. நான்தான் இத ஒட்டினேன். நடுத்தூணு தாங்காது. புள்ளய எறக்கு மொதல்ல.”

பிள்ளை என்ற வார்த்தை கேட்டதும் லோகேஸ்வரனுக்கு வெறி வந்தது. முகத்தில் குத்தினான். தனசேகரனின் மூக்குத்தண்டு உடைந்தது. சுற்றி நின்றவர்களில் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது, சுத்தியலோடு ஒருத்தன் நிற்கிறான், அது போதும். முதுகில் உதை விழுந்தது. ஒட்ட வைத்த காறை எலும்பின்மேல் யாரோ முழங்கையால் இடித்தான். உலகம் வெள்ளையாகப் போய்த் திரும்பி வந்தது. இடது கையில் சுத்தியல் இருந்தது. எதிரே லோகேஸ்வரனின் முழங்கால் சரியான தூரத்தில் இருந்தது. ஒரு அடி போதும் என்பது தனசேகரனின் கைக்குத் தெரியும். முப்பத்தொன்பது வருஷமாக அவன் அதைத்தான் செய்திருக்கிறான்.

அவன் தவழ்ந்து போய், லோகேஸ்வரன் திறந்தபடியே விட்டிருந்த முன்கதவு வழியாக வண்டியின் நடுத்தூணை அடித்தான். இடது கை பழகாத கை, முதல் அடி வழுக்கிக் கண்ணாடியை நொறுக்கியது. குழந்தை வீறிட்டது. அவன்மேல் அடி இன்னும் பலமாக விழுந்தது. காலைப் பிடித்து இழுத்தார்கள். கதவு விளிம்பைப் பற்றிக்கொண்டு மறுபடி அடித்தான். பெயின்ட் தெறித்தது. இன்னொன்று. பட்டி கட்டியாகப் பெயர்ந்து தார்ச்சாலையில் விழுந்தது. இன்னொன்று. அவன் வாயில் ரத்தம் நிரம்பிப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் தூக்கி, உள்ளே இருந்த பெண்ணைப் பார்த்து, சுத்தியல் முனையால் அந்த இடத்தைக் காட்டினான்.

சிம்ரன் குனிந்து பார்த்தாள். வெள்ளையும் சில்வருமாக உதிர்ந்த இடத்தில், ஆள்காட்டி விரல் நீளத்துக்கு, தூணின் குறுக்கே மஞ்சளாக ஒரு ஒட்டு ஓடியது. அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்கித் தெருவில் நின்றாள். லோகேஸ்வரன் அதைக் கவனிக்காமல் இன்னும் அவனை உதைத்துக்கொண்டிருந்தான்.